ஸ்டெல்லா மேடம் தவறவில்லை

செய்தி ஃபோனில்தான் வந்தது. அவினாசி ரோட்டில் ஒரு பேக்கரியில் டீ வாங்கிக் கையில் பிடித்திருந்தேன். திருப்பூர் நெருப்பெரிச்சலில் இருக்கும் பனியன் கம்பெனி யூனிட்டில் வேலை பார்த்தவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. பண்டிகை வாழ்த்துக்குத் தவிர வேறு எதற்கும் அது அசையாது. அன்று காலை கம்பெனியின் ஹெச்.ஆர். மேனேஜர் அதில் ஒரு பூங்கொத்துப் படமும் அதன் கீழே நான்கு வரி ஆங்கிலமும் போட்டிருந்தார். நம் கம்பெனிக் குடும்பத்தின் முன்னாள் அங்கத்தினர், சொந்தக் காரணங்களுக்காக விலகி வேறு வாய்ப்புகளைத் தேடிச் சென்ற திருமதி ஸ்டெல்லா, சிறிது கால உடல்நலக் குறைவுக்குப் பின் அமைதியாக 'டிரான்சிஷன்' ஆகிவிட்டார் என்று அதற்கு அர்த்தம்.

டிரான்சிஷன்! அவினாசியில் இறங்கி பஸ் மாறிப் போனவரைச் சொல்வது போல.

டீயைக் குடிக்க முடியவில்லை. துக்கத்தினால் என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் முதலில் வந்தது துக்கம் இல்லை, குமட்டல். நான்கு வரிக்குள் எத்தனை பொய், அதுவும் பார்த்தால் பொய் மாதிரியே தெரியாத பொய்! ஸ்டெல்லா மேடம் விலகவில்லை, அவரைத் துரத்தினார்கள். அவர் எந்த வாய்ப்பையும் தேடிப் போகவில்லை. நோய் சிறிது காலமும் இல்லை. அவர் எதுவாகவும் மாறவும் இல்லை. செத்துப்போனார். இந்தச் சொல் உங்களில் சிலருக்கு மரியாதைக் குறைவாகப் படும் என்று எனக்குத் தெரியும். அவரோடு பழகியவர்களுக்கு அப்படிப் படாது.

பழகாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அந்தக் கம்பெனியில் நான் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு பையர் கேட்ட பனியனைக் கேட்டபடி தைத்து அனுப்ப வைப்பது என் வேலை. ஸ்டெல்லா மேடம் டாக்குமெண்டேஷன். பையர்களுக்குப் போகும் ஆங்கிலம் முழுவதும் அவர் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். அவினாசியை அடுத்த சேவூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். அப்பாவும் அம்மாவும் தோட்ட வேலைக்குப் போனவர்கள். கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் கற்ற ஆங்கிலம் அவருடையது. எழுத்தில் அது இஸ்திரி போட்ட மாதிரி இருக்கும். பேச்சில் நம் ஊர் ஒட்டிக்கொள்ளும். "யெஸ்ஸுங்க", "நோங்க" என்று அவர் சொல்வதைக் கேட்கவே பக்கத்து செக்‌ஷன்காரர்கள் எதையாவது கேட்க வருவார்கள்.

எம்.டி.க்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அவருக்கு மிகவும் பிடித்தது 'சீப் அண்ட் பெஸ்ட்'. எந்தக் கடிதத்திலும் அது இருந்தாக வேண்டும். குழந்தைத் துணி வாங்கும் ஒரு பெரிய பையருக்கு, எங்கள் துணியும் சீப், எங்கள் ஆட்களும் சீப் என்று எம்.டி. சொல்லச் சொல்ல, இவர் டைப் செய்துகொண்டிருந்தார். பிறகு திரையை நான் எட்டிப் பார்த்தேன். துணி 'நியாயமான விலை' ஆகியிருந்தது. ஆட்கள் 'அனுபவசாலிகள்' ஆகியிருந்தார்கள். "ஏனுங்க, அவரு சொன்னது வேறயாச்சே?" என்றேன். "துணியை சீப்னு சொன்னா துணி ஒண்ணும் நெனச்சுக்காதுங்க. மனுசரைச் சொன்னா அந்த வெள்ளைக்காரி நம்மளை என்னன்னு நெனப்பா?" என்றார். கெடுதலான சொல்லை எடுத்துவிட்டு நடுவான சொல்லைப் போடும் வேலையை இந்தத் திருப்பூரில் அவரைவிட நன்றாகச் செய்த ஆளை நான் பார்த்ததில்லை. அவரைப் பற்றிப் பேசும்போது இதை மறந்துவிடக் கூடாது.

ஒடிசாவிலிருந்து வந்து, கம்பெனி ஹாஸ்டலில் தங்கி, தைக்கும் லைனில் வேலை பார்த்த சுனிதா என்ற பெண் ஒருநாள் சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டாள். ஹெச்.ஆர். ஃபைலில் அவளை 'அப்ஸ்காண்டிங்' என்று போட்டார்கள். தலைமறைவு! யாரோ கொள்ளையடித்துவிட்டு ஓடிய மாதிரி. அந்தச் சொல் ஒருமுறை ஏறிவிட்டால் திரும்ப வந்தாலும் சேர்க்க மாட்டார்கள். ஸ்டெல்லா மேடம் போய்க் கேட்டார்.

"எதுக்குங்க அப்படிப் போட்டிருக்கீங்க? அவங்கம்மா படுத்த படுக்கையா இருக்கறாங்கன்னு ஹாஸ்டல் பூராத் தெரியுமே."

"சிஸ்டத்துல அந்த ஒரு வார்த்தைதான் மேடம் இருக்கு."

"அப்ப சிஸ்டத்துக்கு இன்னொரு வார்த்தை சொல்லிக்குடுங்க. 'ஊருக்குப் போயிருக்கிறாள்'. இதுக்கு இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்தை போதுமுங்க."

அவர் நின்ற நிற்பில் மாற்ற வைத்தார். சுனிதா திரும்பி வந்து அதே மெஷினில் உட்கார்ந்தாள். தன் பெயருக்கு நேரே என்ன சொல் இருந்தது, அது எப்படி மாறியது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது.

அந்த வருடம்தான் பேச்சுக் கலை பயிற்சி என்று ஒருவரை கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்தார்கள். கோட்டுப் போட்ட ஆள். வெயிலில் அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. சுவரில் ஒரு பெரிய தாளை ஒட்டினார். இடப் பக்கம் சிவப்பில் சொல்லக் கூடாத சொற்கள், வலப் பக்கம் பச்சையில் சொல்ல வேண்டிய சொற்கள். 'பிராப்ளம்' என்று சொல்லக் கூடாது, 'ஆப்பர்ச்சூனிட்டி' என்று சொல்ல வேண்டும். 'டிலே' கூடாது, 'ரீ-ஷெட்யூல்'. 'லேபர்' கூடாது, 'ஃபேமிலி'. ஹாஸ்டல் கதவைப் பூட்டி வைப்பதற்கும் ஒரு பச்சைச் சொல் வைத்திருந்தார்: 'கேர்'. அதைக் கேட்டபோது வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும் போல இருந்தது எனக்கு. ஸ்டெல்லா மேடம் கை தூக்கினார்.

"தீப்பிடிச்சா என்னங்க சொல்லோணும்?"

"தெர்மல் ஈவெண்ட், மேடம்."

"அப்ப, 'தெர்மல் ஈவெண்ட், தெர்மல் ஈவெண்ட்'னு கத்திக்கிட்டு ஓடோணுமுங்களா?"

ஹாலே சிரித்தது. அன்று முதல் கேண்டீனில் சாம்பாரில் உப்பு இல்லையென்றால், "அண்ணா, இன்னைக்கு சாம்பார்ல ஒரு ஆப்பர்ச்சூனிட்டி இருக்குதுங்க" என்று சமையல்காரரிடம் சொல்வோம். அவரும் சளைக்காமல் உப்பு டப்பாவை ரீ-ஷெட்யூல் செய்வார். ஆனால் ஸ்டெல்லா மேடம் சிரித்துவிட்டு விடவில்லை. சாப்பிட்டுக் கை கழுவும் இடத்தில் என்னிடம் சொன்னார்: "மனுசனுக்கு மெதுவான வார்த்தை போடலாமுங்க. காரியத்துக்குப் போடக்கூடாது. இந்தாளு தலைகீழாச் சொல்லிக்குடுக்கறாருங்க."

அவர் சொன்னதன் முழு அர்த்தம் முருகேசன் விஷயத்தில்தான் எங்களுக்குத் தெரிந்தது.

முருகேசன் தேனிப் பக்கத்துக்காரர். கட்டிங் செக்‌ஷனிலிருந்து வெட்டிய துணிக் கட்டுகளை ட்ராலியில் ஏற்றி, சரக்கு லிஃப்ட் வழியாக மாடிக்கு மாடி கொண்டுபோவது அவர் வேலை. மூன்றாவது மாடியில் லிஃப்ட் கதவின் பூட்டு ரொம்ப நாளாகவே கெட்டுப்போயிருந்தது. லிஃப்ட் அங்கே நிற்காவிட்டாலும் கதவு திறக்கும். மெயிண்டனன்ஸில் பலமுறை சொல்லியாகிவிட்டது. ஷிப்மெண்ட் போகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்பதுதான் ஒவ்வொரு முறையும் வந்த பதில். ஒரு நாள் முற்பகலில் முருகேசன் ட்ராலியை இழுத்துக்கொண்டு பின்பக்கமாக நடந்து வந்து, கதவைத் திறந்து, லிஃப்ட் இருக்கிறதென்று காலை வைத்தார். லிஃப்ட் கீழே இருந்தது.

ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனவர் ஃப்ளோர் சூப்பர்வைசர், ஊத்துக்குளிக்காரர். அங்கிருந்து ஹெச்.ஆர். மேனேஜருக்கு ஃபோன் செய்தார். இந்த மேனேஜர் மும்பையில் பிறந்து வளர்ந்த தமிழர். வீட்டில் பேசிய தமிழோடு இங்கே வந்து சேர்ந்தவர். சூப்பர்வைசர் நம் ஊர் வழக்கப்படி, "மேல இருந்து விழுந்து தவறிட்டாருங்க சார்" என்றிருக்கிறார். இவர், "எப்ப அனுப்புவாங்க?" என்று கேட்டிருக்கிறார். "சாயங்காலம் ஊட்டுக்குக் கொண்டுட்டுப் போயிரலாமுங்க" என்று பதில். இவர் உடனே உட்கார்ந்து, அவசரம் என்று ஸ்டெல்லா மேடத்திடம் காட்டாமலேயே பையருக்கு மெயில் அனுப்பிவிட்டார். 'ஆப்பரேட்டர் எரர்', அதாவது ஆப்பரேட்டர் தன்னுடைய தவறினால் விழுந்துவிட்டார், மாலைக்குள் வீடு திரும்புவார் என்று.

நகல் வந்ததும் ஸ்டெல்லா மேடம் எழுந்து போனார். நானும் பின்னால் போனேன்.

"யாருங்க சார் சொன்னாங்க, அவரு தப்புப் பண்ணுனாருன்னு?"

"சூப்பர்வைசர்தான் மேடம். தவறிட்டாருன்னு தெளிவா சொன்னாரே."

ஸ்டெல்லா மேடம் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். "சார், எங்கூர்ல தவறிட்டாருன்னா செத்துப்போயிட்டாருன்னு அர்த்தமுங்க."

மேனேஜருக்கு முகம் வெளுத்துவிட்டது. மத்தியானம் முழுக்க அந்த மனிதர் உயிரோடு இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். குலுங்கிக் குலுங்கி அழுதார். அவர் அன்று அழுதது நிஜம். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதுவரைக்கும் அது ஒரு பிழை மட்டும்தான், நம் ஊர் மரியாதைப் பேச்சினால் வந்த பிழை.

அதற்குப் பிறகு நடந்தது பிழை இல்லை. மூவரும் எம்.டி. அறைக்குப் போனோம். எம்.டி. கெட்ட மனிதர் மாதிரி பேசவே மாட்டார். பெரியவர்களை 'சாமி' என்பார், சின்னவர்களைக் 'கண்ணு' என்பார். மெயிலை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். மாலையில் வீடு திரும்புவார் என்பதை மட்டும் எடுத்துவிட்டு, 'பாஸ்ட் அவே' என்று போடச் சொன்னார்.

"அந்த எரர்ங்கறது இருக்கட்டுமுங்க. ஆப்பரேட்டர்னு வேண்டாம், ஆளைச் சுட்டிக்காட்டற மாதிரி இருக்குது. 'ஹ்யூமன் எரர்'னு போடுங்க. அது நியூட்ரலா இருக்குது. ஹ்யூமன்னா நல்ல வார்த்தைதானுங்களே, மேடம்?"

"எந்த ஹ்யூமனுங்க? லிஃப்ட் கதவை ரிப்பேர் பண்ணாத ஹ்யூமனுங்களா?"

எம்.டி. சிரித்தார். "ஒரு வார்த்தையில என்னங்க மேடம் இருக்குது?"

"ஒண்ணுமில்லைன்னா மாத்தி எழுதறதுல உங்களுக்கு என்னங்க சிரமம்?"

சிரிப்பு நின்றுவிட்டது. மாற்ற முடியாது என்று அவர் சொல்லவில்லை. அவர் எதையும் முடியாது என்று சொல்கிறவர் இல்லை. "பாக்கலாமுங்க" என்றார். மூன்றாவது மாடிப் பூட்டுக்கும் அதே சொல்தான் கிடைத்திருந்தது.

அடுத்த நாள் முருகேசனின் மனைவி பாண்டியம்மாள் ஆபீஸுக்கு வந்தார். பையருக்கு எழுதியதைத்தான் அவருக்கும் தமிழில் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் வீட்டுக்காரர் கவனக்குறைவு, ஆனாலும் கம்பெனி கைவிடாது என்று. அவர் ரிசப்ஷனில் தரையில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களிடமெல்லாம், "அந்தாளு ஒரு நாளும் ஒரு துணியக் கூட அழுக்காக்குனதில்லையே, அவுக மேலயா தப்புங்கிறீக?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். எல்லோரும் அவரைச் சுற்றிக்கொண்டு நடந்து போனார்கள். இனி பிள்ளைகளுக்கு அவர் என்ன சொல்வார்? உங்கள் அப்பா தப்புச் செய்து செத்தார் என்றா? புருஷனும் போய், அவன் பேரும் போகும் என்றால் அந்த வீட்டில் என்னதான் மிச்சம்?

ஸ்டெல்லா மேடம் தன் மேஜைக்கு வந்து, எம்.டி.யின் 'பாக்கலாம்' முடிவதற்குக் காத்திராமல், பையருக்கு ஒரு மெயில் எழுதினார். எதிரில் நான் இருந்தேன். எழுதி முடித்து, திரையை என் பக்கம் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் அனுப்பினார். முருகேசன் மூன்றாவது மாடி லிஃப்ட் கதவு வழியாக விழுந்து இறந்தார். லிஃப்ட் அந்த மாடியில் இல்லை. கதவின் பூட்டு பழுதாகியிருந்தது, அது கம்பெனிக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. முந்தைய மெயிலில் அவர் மீது சொன்ன தவறு மொழிபெயர்ப்புப் பிழை. அவ்வளவுதான். அதில் கோபமான சொல் ஒன்றுகூட இல்லை. ஐயோ பாவம் என்றுகூட இல்லை. நடுவான சொல் என்றால் அதுதான் என்று நான் அன்று தெரிந்துகொண்டேன். சுவரில் ஒட்டிய தாளில் பச்சையில் இருந்ததெல்லாம் அழுக்கின் மேல் தெளித்த சென்ட்.

அனுப்பிவிட்டு நேரே ரிசப்ஷனுக்குப் போய்ப் பாண்டியம்மாள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். தான் எழுதியதைத் தமிழில் சொன்னார். "உங்க ஊட்டுக்காரரு செத்துப்போனாருங்க. அவரு மேல தப்பு இல்லீங்க. கதவு சரியில்ல, கம்பெனிக்குத் தெரியும். இப்படித்தான் எழுதியிருக்கறனுங்க." பாண்டியம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, திரும்பச் சொல்லச் சொன்னார். மேடம் திரும்பவும் சொன்னார்.

பையரிடமிருந்து பதில் வந்தது. உங்கள் வெளிப்படைத்தன்மைக்கு நன்றி, சரிசெய்யும் நடவடிக்கையை எதிர்பார்க்கிறோம். ஒரு மனிதன் செத்ததற்கு இது பதில்! அந்தத் தாளை அவர்களுக்கும் யாரோ ஒட்டியிருக்கிறார்கள் போலிருக்கிறது. ஆனாலும் எல்லா மாடியிலும் பூட்டு மாற்றினார்கள். பாண்டியம்மாளுக்குச் சேர வேண்டியதும் தகராறில்லாமல் சேர்ந்தது.

அதன் பிறகு எம்.டி. ஸ்டெல்லா மேடத்தைக் கூப்பிட்டு, நீங்களாக ஒரு ராஜினாமா கொடுத்துவிட்டால் மரியாதையாக இருக்கும் என்றார். "எனக்கு மரியாதை வேண்டாமுங்க. டிஸ்மிஸ்னு ஒரே ஒரு வார்த்தை எழுதிக் குடுங்க, வாங்கிட்டுப் போறேன்" என்று இவர் பதில் சொன்னார். "ஐயோ, அந்த மாதிரி வார்த்தையெல்லாம் நம்ம கம்பெனில கெடையாதுங்களே" என்றாராம் அவர். மறுநாள் காலை கேட்டில் விரல் வைத்தால், மெஷின் இப்படி ஒரு ஆள் இல்லை என்றது. வாட்ச்மேன் தலையைக் குனிந்துகொண்டார். ஃபைலில் 'மியூச்சுவல் செப்பரேஷன்', அதாவது இரு தரப்பும் பேசிப் பிரிந்தது என்று போட்டுக்கொண்டார்களாம். ஸ்டெல்லா மேடம் என்னிடம் ஃபோனில் சொல்லிச் சிரித்தார்: "நானும் எம்.டி.யும் டைவர்ஸ் பண்ணிக்கிட்டமாமுங்க. எங்க ஊட்டுக்காரர்கிட்ட இதை எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியலீங்க." நானும் அடுத்த மாதமே வெளியே வந்துவிட்டேன். வீரமாகச் சொல்லவில்லை, எனக்கு வேறு இடத்தில் வேலை கிடைத்திருந்தது. அவர், பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஒரு சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டில் பில் போடும் வேலைக்குப் போனார். அங்கே ஆங்கிலத்துக்கு அவசியமே இல்லை.

போன மழைக்காலத்தில் ஆஸ்பத்திரியில் அவரைப் போய்ப் பார்த்தேன். உறவுக்காரர்கள் கட்டிலைச் சுற்றி நின்று 'அந்த வியாதி', 'அந்த வியாதி' என்று கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள். "கேன்சருங்க. பேரைச் சொன்னா ஒட்டிக்காது, பயப்படாமச் சொல்லுங்க" என்று அவரே அவர்களுக்குச் சொன்னார். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "ரெண்டு வருசமாப் படற பாடு எனக்குத்தான் தெரியுமுங்க. நான் போனதுக்கப்புறம் எவனாவது 'சிறிது கால உடல்நலக் குறைவு'ன்னு எழுதுனான்னு வைங்க, எந்திரிச்சு வந்து திருத்திப்போடுவேன்." சொல்லிவிட்டுச் சிரிக்கப் போய் இருமல் வந்துவிட்டது. தண்ணீர் கொடுத்தேன்.

சேவூர்ப் பக்கத்து வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் அதிகமில்லை. வாசல் போஸ்டரில் கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார் என்று இருந்தது. அது அவர்கள் நம்பிக்கை, அவருடைய நம்பிக்கையும்தான். அதில் நான் குறுக்கே வர மாட்டேன். கம்பெனியிலிருந்து ஒரு மலர் வளையம் வந்திருந்தது. அதன் ரிப்பனில் 'ஃபேமிலி' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அந்த இடத்தில் நிற்கவே பிடிக்கவில்லை. அக்கம்பக்கத்தார் வந்து, "அக்கா தவறிட்டாங்களாமா" என்று தணிந்த குரலில் கேட்டு உட்கார்ந்தார்கள். வீடு முழுக்க ஒரே மரியாதை. யாரும் சத்தமாக அழவில்லை.

அப்போதுதான் பாண்டியம்மாள் வந்தார். யார் சொல்லித் தெரிந்ததோ, தேனியிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறார். செருப்பை வாசலில் உதறிவிட்டு உள்ளே போனவர், பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது.

"எம் புருசன் செத்தான்னு எழுதுன மகராசி! தப்புப் பண்ணாமச் செத்தான்னு எழுதுன மகராசி! நீயும் செத்துப் போயிட்டியே, தாயீ!"

அந்தச் சொல் விழுந்ததும் வீடே உடைந்து அழுதது. ஸ்டெல்லா மேடத்தின் கணவர் சுவரில் தலையை வைத்து அழுதார். நானும் அழுதேன். காலையில் வந்த குமட்டல் அப்போதுதான் துக்கமாக மாறியது.

திரும்பும் பஸ்ஸில் ஃபோனை எடுத்தேன். அன்று முருகேசனுக்காகக் குலுங்கி அழுத அதே மேனேஜர்தான் இந்த டிரான்சிஷனை எழுதியவர். இத்தனை வருடத்தில் நம் ஊர்த் தமிழ் அவருக்கு நன்றாகவே வந்துவிட்டது. எம்.டி.யின் ஆங்கிலம் அதைவிட நன்றாக வந்துவிட்டது. அந்தப் பூங்கொத்துக்குக் கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். அவற்றின் கீழே நான் எழுதினேன்: 'ஸ்டெல்லா மேடம் இரண்டு வருடம் கேன்சரில் கஷ்டப்பட்டுச் செத்துப்போனார். முருகேசன் எப்படிச் செத்தார் என்று உண்மையை எழுதியதற்காக அவரை வேலையிலிருந்து துரத்தினீர்கள்.' எழுந்து வந்து திருத்துவேன் என்று சொன்னவர் வர முடியாது, அதனால் நான் திருத்தினேன்.

பஸ் அவினாசியைத் தாண்டுவதற்குள் பதில் வந்துவிட்டது. பதில் என்றால் யாரும் எழுதியது இல்லை. நான் ஃபோனைத் தமிழில் வைத்திருக்கிறேன். அது காட்டியது: 'நீங்கள் நீக்கப்பட்டீர்கள்.'

டிஸ்மிஸ் என்பதற்குத் தமிழ் அதுதான். அந்தக் கம்பெனியில் கிடையவே கிடையாது என்று எம்.டி. சொன்ன சொல், ஸ்டெல்லா மேடம் வாய்விட்டுக் கேட்டும் கொடுக்காத சொல். அவர் பெயரால் அதை நான் வாங்கி வைத்திருக்கிறேன்.